பிறந்த வீட்டை அறியும் லீ இயற்கணிதம்

பெருக்கல் விதிக்குக் கட்டுப்பட்ட இரண்டு செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால், கிடைக்கும் செயலி அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. வகையீடுகளின் இயற்கணிதம் முழுவதும் இந்தச் சிறு தோல்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். லைப்னிட்ஸ் 1684-இல் அச்சில் தந்தது. இன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தூக்கத்திலும் சொல்வார். இரண்டு சார்புகளின் பெருக்கற்பலனை வகையிட, ஒன்றை வகையிட்டு மற்றதை அப்படியே வைத்து, பிறகு மாற்றிச் செய்து, இரண்டையும் கூட்ட வேண்டும். சார்பு, எல்லை, தொடர்ச்சி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டால், ஒரு களத்தின் மேல் அமைந்த எந்தச் சேர்ப்பு இயற்கணிதத்திலும் அதைப் பேசலாம். த(அஆ) = த(அ)·ஆ + அ·த(ஆ) என்பதை நிறைவு செய்யும் நேரியல் செயலி த-வை வகையீடு என்போம். த, ர என இரண்டு வகையீடுகளைச் சேர்த்துத் தர என்று அஆ-வின் மேல் இயக்கிப் பாருங்கள். நான்கு உறுப்புகள் வரும். இரண்டு நமக்கு வேண்டியவை. மற்ற இரண்டும், அதாவது த(அ)·ர(ஆ), ர(அ)·த(ஆ) ஆகியவை, வேண்டாதவை. ஆனால் த-வையும் ர-வையும் இடம் மாற்றினாலும் இந்த வேண்டாத கூட்டு மாறுவதில்லை. ஆகவே தர − ரத என்று கழித்தால் அது ஒழிந்துபோகிறது. மிஞ்சுவது மீண்டும் ஒரு வகையீடு. இதை [த, ர] என்ற அடைப்பால் குறிக்கிறோம். யாக்கோபி முற்றொருமை தானாகவே வந்துவிடும். நார்வே நாட்டு சோஃபஸ் லீ பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடர் உருமாற்றங்களின் நுண்வடிவமாகக் கண்ட அமைப்பு இது. லீ இயற்கணிதம் என்ற பெயரை ஹெர்மன் வைல் 1930-களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

மேலே சொன்ன கணக்கில் சேர்ப்புப் பண்பு எங்கும் பயன்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேர்ப்புப் பண்பில்லாத எண்கோளங்களின் (ஆக்டோனியன்களின்) வகையீடுகளும் ஒரு லீ இயற்கணிதமாகவே அமைகின்றன. அது ஜி₂ என்பதை எலீ கார்ட்டான் 1914-இல் சொன்னார். அப்படியானால் சேர்ப்புப் பண்பு எங்கே வேலை செய்கிறது? க என்ற ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டு, அ-வை கஅ − அக-வுக்கு அனுப்பினால் அது வகையீடாக இருப்பது சேர்ப்புப் பண்பினால்தான். இவற்றை உள்ளக வகையீடுகள் என்பார்கள். த என்ற எந்த வகையீட்டையும் க தரும் உள்ளக வகையீட்டோடு அடைப்பில் இட்டால், த(க) தரும் உள்ளக வகையீடு கிடைக்கும். எனவே உள்ளக வகையீடுகள் மொத்த லீ இயற்கணிதத்துக்குள் ஓர் ஐடியல். வகுத்து எஞ்சும் ஈவுக்குப் புற வகையீடுகளின் லீ இயற்கணிதம் என்று பெயர்.

முதல் வரியில் சொன்ன தோல்வி எவ்வளவு ஆழமானது என்பதை எட்வர்ட் போஸ்னர் 1957-இல் காட்டினார். சிறப்பெண் 2 அல்லாத பகா வளையத்தில், பூச்சியமல்லாத இரண்டு வகையீடுகளின் சேர்க்கை ஒருபோதும் வகையீடாகாது. எண் 2-ஐ ஏன் ஒதுக்கினார் என்பது பின்னால் தெளிவாகும்.

இந்தத் துறையில் எழுபது எண்பது ஆண்டுகளாக வெளிவந்தவற்றை வரிசையாக அடுக்குவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவற்றின் ஊடே நடக்கலாம்: வகையீடுகளின் லீ இயற்கணிதத்தை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், அது பிறந்த சேர்ப்பு இயற்கணிதத்தைப் பற்றி அவரால் எவ்வளவு சொல்ல முடியும்?

பரிமாற்று உலகம்

பெருக்கலில் வரிசை முக்கியமில்லாத இயற்கணிதங்களில் உள்ளக வகையீடு எல்லாமே பூச்சியம். ஆகவே இங்கே இருப்பதெல்லாம் புற வகையீடுகளே. பல்லுறுப்புக் கோவைகளின் வளையத்தில் அவை பகுதி வகைக்கெழுக்களைப் பல்லுறுப்புக் கோவைகளால் பெருக்கிக் கூட்டியவை; வடிவியலாளர் மொழியில் திசையன்புலங்கள். கார்ட்டான் 1909-இல் பரிமாணம் முடிவற்ற எளிய உருமாற்றக் குலங்களை நான்கு குடும்பங்களாகப் பிரித்தபோது முதல் குடும்பம் இதுதான். மற்ற மூன்றும் இதற்குள் கன அளவையோ, சிம்ப்ளெக்டிக் வடிவத்தையோ, தொடுகை அமைப்பையோ காப்பவை. ய என்ற ஒரே மாறியின் லோரான் பல்லுறுப்புக் கோவைகளுக்குப் போனால், ய-இன் ந+1-ஆம் அடுக்கால் வகைக்கெழுச் செயலி ∂-ஐப் பெருக்கிய வடிவச் செயலிகளின் விட் இயற்கணிதம் கிடைக்கும். அதன் மைய விரிவே இயற்பியலாளர்கள் விரசோரோ என்று அழைப்பது.

பரிமாற்று நிலையில் இன்னொரு வசதி உண்டு. ஒரு வகையீட்டை வளையத்தின் எந்த உறுப்பாலும் பெருக்கினால் அதுவும் வகையீடே. ஆக, லீ அடைப்பும் வளையப் பெருக்கலும் ஒன்றையொன்று லைப்னிட்ஸ் விதிப்படி அறிந்துகொண்டு சேர்ந்து வாழ்கின்றன. ஜார்ஜ் ரைன்ஹார்ட் 1963-இல் இந்தக் கூட்டு அமைப்பைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். வரிசை முக்கியமானதும் இந்த வசதி பறிபோகிறது; அப்போது மையத்தின் உறுப்புகளால் மட்டுமே பெருக்க முடியும். இரண்டு உலகங்களுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதுவே என்பது என் கணிப்பு.

நம் கேள்விக்கு முதல் பெரிய விடை 1954-இல் பர்ஸெல், ஷாங்க்ஸ் இருவரிடமிருந்து வந்தது. ஒரு வழுவழுப்பான மேனிஃபோல்டின் மேல், கச்சிதக் கணத்துக்கு வெளியே மறையும் திசையன்புலங்களின் லீ இயற்கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீப்பெரு ஐடியல்கள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு உரியவை: அந்தப் புள்ளியில் தாமும் தம் எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியமாகும் புலங்கள். புள்ளிகள் கிடைத்துவிட்டால் மேனிஃபோல்டை முழுதாகக் கட்டி எழுப்பிவிடலாம். அதாவது, வெறும் அடைப்பைத் தெரிந்தவருக்கு வெளி முழுவதும் தெரியும்.

இயற்கணித வடிவங்களில் இதே நிலை இன்னும் கூர்மையாக இருக்கிறது. சிறப்பெண் பூச்சியத்தில், டேவிட் ஜோர்டன் 1986-இல் தொடங்கிய வேலையைத் தொடர்ந்து சீபர்ட் 1996-இல் காட்டியது: ஓர் அஃபைன் வடிவத்தின் வகையீட்டு லீ இயற்கணிதம் எளியதாக இருப்பதும் அந்த வடிவம் எங்கும் வழுவழுப்பாக இருப்பதும் ஒன்றே. வடிவம் நார்மல் வகையைச் சேர்ந்ததானால், லீ இயற்கணிதம் அதை முழுமையாக நிர்ணயிக்கவும் செய்கிறது.

நார்மல் என்ற நிபந்தனை வெறும் ஒப்புக்குச் சேர்த்ததல்ல. ய², ய³ இரண்டும் பிறப்பிக்கும் வளையத்தைப் பாருங்கள். இது கூர்முனை கொண்ட வளைகோட்டின் வளையம். இதன் வகையீடு எதுவானாலும் ஏதோ ஒரு கோவையை ∂-ஆல் பெருக்கிய வடிவில் இருக்கும். அது ய²-ஐயும் ய³-ஐயும் வளையத்துக்குள்ளேயே அனுப்ப வேண்டும். வெறும் ∂ ஆகாது, ஏனென்றால் ய²-இன் வகைக்கெழு 2ய. ய இந்த வளையத்தில் இல்லை. ய∂, ய²∂, ய³∂ எல்லாம் ஆகும். எனவே விடை: ய∂-இல் தொடங்கும் எல்லாம். இப்போது ய³, ய⁴, ய⁵ மூன்றும் பிறப்பிக்கும் வளையத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள். அங்கும் விடை ய∂-இல் தொடங்கும் எல்லாம்தான். ஒன்று தளத்தில் வரையக்கூடிய வளைகோடு; மற்றதற்கு மூன்று பரிமாணம் வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஆனால் வகையீடுகளின் லீ இயற்கணிதம் ஒன்றே. அந்த லீ இயற்கணிதத்துக்குத் தெரிவது கோட்டில் ஒரு புள்ளி அசையாமல் நிற்கிறது என்பது மட்டும். அந்தப் புள்ளி எப்படிக் கசங்கியிருக்கிறது என்பது தெரியாது. ஆபிரகாம் சைடன்பெர்க் 1966-இல் காட்டியதும் இதற்கு உறவானது: சிறப்பெண் பூச்சியத்தில் ஒரு வளையத்தின் வகையீடு அதன் முழு மூடலுக்கும் விரிந்து செல்லும்.

மறுமுனையில், எதுவுமே தெரியாத நிலையும் உண்டு. ஒரு கச்சித வெளியின் மேல் உள்ள தொடர்ச்சியான சார்புகளின் வளையத்துக்குப் பூச்சியமல்லாத வகையீடு ஒன்றுகூடக் கிடையாது. காரணம் எளிது. ஒரு புள்ளியில் பூச்சியமாகும் தொடர் சார்பை, அதே புள்ளியில் பூச்சியமாகும் இரண்டு தொடர் சார்புகளின் பெருக்கலாக எழுதலாம். தனி மதிப்பின் வர்க்கமூலத்தை எடுத்துக் குறியை ஒன்றில் சேர்த்தால் போதும். லைப்னிட்ஸ் விதியைப் போட்டால் வகையீட்டின் மதிப்பு அங்கே பூச்சியம். புள்ளி எதுவானாலும் இதே கதை. சிங்கர், வெர்மர் இருவரும் 1955-இல் இதைப் பொதுமைப்படுத்தினார்கள்: பரிமாற்று பானாக் இயற்கணிதத்தில் தொடர்ச்சியான வகையீடு தன் விளைவு முழுவதையும் ரேடிக்கலுக்குள் தள்ளும். தொடர்ச்சி என்ற நிபந்தனை தேவையில்லை என்பதை மார்க் தாமஸ் நிறுவ 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வழுவழுப்பான சார்புகளுக்கு எல்லாம் தெரியும், தொடர்ச்சியான சார்புகளுக்கு ஒன்றும் தெரியாது என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் வர்க்கமூலம் எடுக்க இடம் இருந்தால் வகையிட இடம் இருக்காது, அவ்வளவுதான் விஷயம்.

எல்லாம் உள்ளகமாகும் இடம்

வரிசை முக்கியமாகும் உலகத்தின் முதல் குடிமகன் அணிகளின் இயற்கணிதம். இங்கே எல்லா வகையீடுகளும் உள்ளகமே. க என்ற அணியும் அதோடு அலகு அணியின் மடங்கைக் கூட்டியதும் ஒரே வகையீட்டைத் தருவதால், கிடைப்பது அணிகளின் லீ இயற்கணிதத்தை மையத்தால் வகுத்த ஈவு. சிறப்பெண் பூச்சியத்தில் இது மூலைவிட்டக் கூடுதல் பூச்சியமான அணிகளின் எளிய லீ இயற்கணிதம். 3×3 அணிகளுக்குப் பரிமாணம் 8. இடமாற்று போன்ற ஓர் எதிர்மறுப்பையும் சேர்த்துக்கொண்டு, அதோடு ஒத்துப்போகும் வகையீடுகளை மட்டும் பொறுக்கினால் செங்கோண, சிம்ப்ளெக்டிக் லீ இயற்கணிதங்கள் கிடைக்கும். எளிய லீ இயற்கணிதங்களுக்குக் கில்லிங், கார்ட்டான் தந்த பட்டியலின் முடிவற்ற நான்கு குடும்பங்களும் இப்படிச் சேர்ப்பு இயற்கணிதங்களிலிருந்தே வந்துவிடுகின்றன.

வைல் இயற்கணிதமும் இதே இனம். ∂ய − ய∂ = 1 என்ற ஒரே விதியோடு ய, ∂ இரண்டும் பிறப்பிப்பது; குவாண்டம் இயக்கவியலின் இடமும் உந்தமும் இதற்குள் அடங்கும். சிறப்பெண் பூச்சியத்தில் இதன் வகையீடுகள் எல்லாம் உள்ளகம். ஜாக் டிக்ஸ்மியே 1968-இல் எழுதிய கட்டுரையில் இதன் அமைப்பை விரிவாக ஆராய்ந்து, சில கேள்விகளையும் விட்டுச்சென்றார். இதன் ஒவ்வொரு உள்ளமைவு உருமாற்றமும் மீட்கத்தக்கதா என்பது அவற்றுள் புகழ்பெற்றது. எல்லாப் பரிமாணங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது யாக்கோபியன் கருதுகோளுக்குச் சமம் என்பதை 2000-களில் சுச்சிமோட்டோவும், தனியாக பெலோவ்-கானெல், கான்ட்செவிச் இருவரும் காட்டினார்கள். இந்த இடத்தில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றையும் சொல்ல வேண்டும். வைல் இயற்கணிதத்தையும் லீ இயற்கணிதத்தின் உறை இயற்கணிதத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் குடும்பத்தை 1961-இல் அறிமுகப்படுத்தியவர் ஆர். ஸ்ரீதரன். பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகத்தில் பாடம் நடத்தியவர். அந்த இயற்கணிதங்கள் இன்றும் ஆய்வேடுகளில் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

பகுப்பாய்வுப் பக்கத்திலும் நிலைமை இதுவே. வான் நாய்மன் இயற்கணிதங்களில் எல்லா வகையீடுகளும் உள்ளகம் என்பதை 1966-இல் கேடிசனும் சகாயும் தனித்தனியே நிறுவினார்கள். இந்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்; நிறுவல் எளிதல்ல. ஆனால் நம் கேள்வியின் கோணத்தில் பார்த்தால் இந்த வகை முடிவுகள் எல்லாம் ஒருவகையில் ஏமாற்றமே. வகையீடுகளின் லீ இயற்கணிதம் என்பது அசல் இயற்கணிதத்தையே, பெருக்கலை மறந்து அடைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மையத்தைக் கழித்துத் திரும்பத் தருகிறது. புதிதாக ஒன்றும் சொல்வதில்லை.

பெருக்கலை மறந்தாலும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே அப்போது கேள்வியாகிறது. அதை எடுத்துக்கொண்டவர் ஹெர்ஸ்டைன். 1950-களில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகளின் மைய முடிவு: எளிய சேர்ப்பு வளையத்தில், அடைப்புகள் பிறப்பிக்கும் பகுதியை அதன் மையப் பகுதியால் வகுத்தால் கிடைக்கும் லீ வளையமும் எளியதே. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: சிறப்பெண் 2, மையத்தின் மேல் பரிமாணம் 4. அந்த ஒற்றை விதிவிலக்கைப் பார்த்தாலே முடிவு எவ்வளவு இறுக்கமானது என்பது தெரியும். வகையீடுகளின் லீ வளையங்களுக்கே இந்தப் பாணியை 1978-இல் ஜோர்டன் இணையர் விரித்தார்கள்.

சிறப்பெண் ப

பாடப்புத்தகங்கள் ப என்ற பகா எண் சிறப்பெண்ணைக் கடைசி அத்தியாயத்தில், சிறு எழுத்துக் குறிப்புகளோடு தள்ளிவைக்கும் வழக்கம் உண்டு. இந்தத் துறையில் அது தலைகீழ். வகையீடுகளின் உண்மையான முகம் அங்கேதான் தெரிகிறது.

வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த நேதன் ஜேக்கப்சன் 1937-இல் ஒரு கட்டுரை எழுதினார். தொடங்கும் இடம் மிக எளியது. த-வை ப முறை அடுத்தடுத்து இயக்கினால் லைப்னிட்ஸ் விதி ஈருறுப்புக் கெழுக்களோடு விரியும். நடுவில் வரும் கெழுக்கள் எல்லாம் ப-ஆல் வகுபடும். சிறப்பெண் ப-இல் அவை பூச்சியம். இரண்டு ஓர உறுப்புகள் மட்டும் மிஞ்சும். ஆக, த-வின் ப-ஆம் அடுக்கு ஒரு வகையீடு! முதல் வரியில் சொன்ன தோல்வி, ப முறை திரும்பச் செய்தால் சரியாகிவிடுகிறது. போஸ்னர் ஏன் 2-ஐ ஒதுக்கினார் என்பதும் இப்போது புரியும்: அங்கே எந்த வகையீட்டையும் இரு முறை இயக்கினாலே வகையீடு கிடைத்துவிடும். ஆகவே சிறப்பெண் ப-இல் வகையீடுகளுக்கு அடைப்போடு ப-அடுக்கு என்ற இரண்டாம் செயலும் உண்டு. ஜேக்கப்சன் இந்த இரட்டை அமைப்பைக் கட்டுப்படுத்திய லீ இயற்கணிதம் என்று வகுத்து, முற்றிலும் பிரிக்கவியலாத களவிரிவுகளுக்கு அதை வைத்து ஒரு கால்வா கோட்பாட்டையே கட்டினார். சாதாரண கால்வா கோட்பாட்டில் தன்னமைவுக் குலம் செய்யும் வேலையை இங்கே வகையீடுகள் செய்கின்றன, ஏனெனில் அந்த விரிவுகளில் தன்னமைவு ஒன்றும் இல்லை.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரே மாறி ய. அதன் ப-ஆம் அடுக்கைப் பூச்சியம் என்று வைத்துவிடுங்கள். பரிமாணம் ப கொண்ட இயற்கணிதம் கிடைக்கும். சிறப்பெண் பூச்சியத்தில் ∂ இதன் வகையீடு அல்ல: பூச்சியமான ப-ஆம் அடுக்கை ∂ எடுத்துச் சென்று, பூச்சியமல்லாத ப−1-ஆம் அடுக்கின் ப மடங்காக்கிவிடும். எனவே வகையீடுகள் ய∂-இலிருந்துதான் தொடங்கும், பரிமாணம் ப−1, லீ இயற்கணிதம் தீர்க்கத்தக்கது, அதாவது படிப்படியாகக் கரைந்துபோவது. சிறப்பெண் ப-இல் அந்த ப மடங்கு என்பதே பூச்சியம். தடை நீங்குகிறது, ∂ உள்ளே வருகிறது, பரிமாணம் ப ஆகிறது. அந்த ஒரே ஒரு செயலியின் வருகையால், கரைந்துபோகும் லீ இயற்கணிதம் ப ≥ 3 ஆனதும் எளியதாகிவிடுகிறது. ப = 3 ஆனால் அது நமக்குப் பழகிய மூன்று பரிமாண எளிய இயற்கணிதமே. ப = 5 முதல் சிறப்பெண் பூச்சியத்தில் இணையே இல்லாத புதுப் பிறவி. எர்ன்ஸ்ட் விட் கண்டது இது. மாறிகளை ந ஆக்கி, ஒவ்வொன்றின் ப-ஆம் அடுக்கையும் பூச்சியமாக்கினால் ஜேக்கப்சன்-விட் குடும்பம் வரும்.

பிறகு நடந்தது இருபதாம் நூற்றாண்டின் நீண்ட வகைப்பாட்டுப் பயணங்களில் ஒன்று. 1966-இல் கோஸ்ட்ரிகின், ஷஃபரெவிச் இருவரும் ஒரு கருதுகோள் வைத்தார்கள்: ப போதிய அளவு பெரியதானால், கட்டுப்படுத்திய எளிய லீ இயற்கணிதங்கள் ஒன்று பழைய பட்டியலைச் சேர்ந்தவை, அல்லது கார்ட்டானின் 1909 குடும்பங்களின் முடிவுள்ள பிரதிகள். ப > 7 ஆனால் இது சரி என்று பிளாக், வில்சன் 1988-இல் நிறுவினார்கள். கட்டுப்பாடு என்ற நிபந்தனையையும் தளர்த்தி, ப > 3 வரை முழு வகைப்பாட்டை பிரேமெட், ஸ்ட்ராடே இருவரும் பல நூறு பக்கங்களில் முடித்தார்கள்; ப = 5-இல் மட்டும் மெலிக்யான் கண்ட ஒரு கூடுதல் குடும்பம் சேர்ந்துகொண்டது. ப = 2, 3 இன்னும் திறந்தே கிடக்கின்றன. சேர்ப்பு, பரிமாற்று இரண்டும் உள்ள ஒரு சாதுவான இயற்கணிதத்தின் வகையீடுகள், எளிய லீ இயற்கணிதங்களின் பட்டியலையே திருத்தி எழுத வைத்தன என்பதை இங்கே மறக்கக் கூடாது.

தன்னமைவுக் குலத்துக்கும் வகையீட்டுக்கும் உள்ள பழைய உறவும் இந்த எடுத்துக்காட்டில் அறுந்துபோகிறது. சிறப்பெண் பூச்சியத்தில், முடிவுள்ள பரிமாண இயற்கணிதத்தின் தன்னமைவுக் குலத்துடைய லீ இயற்கணிதம் வகையீடுகளின் லீ இயற்கணிதமே. ஆனால் தன்னமைவு எதுவும் ரேடிக்கலைக் கலைக்காது. சிறப்பெண் ப-இல் ∂ என்பதோ ரேடிக்கலில் உள்ள ய-வை 1-க்குக் கொண்டுபோகிறது. அப்படியொரு செயலி எந்தத் தன்னமைவின் நுண்வடிவமாகவும் இருக்க முடியாது. குலங்களுக்குப் பதில் குலத் திட்டங்களைப் பேச வேண்டிய கட்டாயம் இங்கே வருகிறது.

வைல் இயற்கணிதத்துக்கும் இதே மருந்து. ய-வை ∂-இன் ப−1-ஆம் அடுக்குக்கும் ∂-ஐப் பூச்சியத்துக்கும் அனுப்பும் வகையீடு, சிறப்பெண் பூச்சியத்தில் ∂-இன் ப-ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தது தரும் உள்ளக வகையீடே. சிறப்பெண் ப-இல் அந்த வகுத்தல் கூடாது. அதே வகையீடு புறமாகிவிடுகிறது. எல்லாம் உள்ளகம் என்று மூடிக்கிடந்த கதவு திறக்கிறது.

ஈவில் எஞ்சுவது

புற வகையீடுகளின் ஈவைத் தனிப்பொருளாக உயர்த்தியவர் கெர்ஹார்ட் ஹாக்‌ஷில்ட். பெர்லினில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் ஷெவாலேயின் மாணவர். 1945-இல் அவர் சேர்ப்பு இயற்கணிதங்களுக்கு ஒரு கோஹோமாலஜியை வகுத்தபோது, பூச்சியப் படியில் மையமும் முதல் படியில் புற வகையீடுகளும் அமர்ந்தன. 1963-இல் முர்ரே கெர்ஸ்டென்ஹாபர் எல்லாப் படிகளுக்கும் சேர்த்து ஓர் அடைப்பு இருப்பதைக் கண்டார். முதல் படியில் அது நாம் தொடக்கத்தில் பார்த்த அதே அடைப்பு. இரண்டாம் படி இயற்கணிதத்தைச் சிறிது வளைத்துப் பார்க்கும் வழிகளை அளக்கிறது. ஆக, புற வகையீடுகள் தனித்துக் கிடப்பவை அல்ல. மையத்தின் மேலும் எல்லா வளைவுகளின் மேலும் அவை செயல்படுகின்றன. இந்த அமைப்பு, அடைப்பையும் சேர்த்து, டிரைவ்டு சமானத்தில் மாறாதது என்பது பின்னால் பெர்ன்ஹார்ட் கெல்லர் காட்டியது. முழு வகையீட்டு லீ இயற்கணிதத்துக்கு இந்தப் பேறு இல்லை: ஒரு களமும் அதன் மேல் உள்ள 3×3 அணிகளும் பிரதிநிதித்துவக் கோட்பாட்டின் பார்வையில் ஒன்றே; ஆனால் ஒன்றுக்கு வகையீடுகளின் பரிமாணம் 0, மற்றதற்கு 8. ஈவை எடுத்தால் இரண்டும் 0. சரியான பொருள் ஈவுதான் என்று நான் கருதுவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முடிவுள்ள பரிமாணத்தில் அந்த ஈவு எப்படியெல்லாம் இருக்கும்? இரண்டு முனைகள், ஒன்றிலிருந்து மற்றதற்கு ம அம்புகள். இந்த வரைபடத்தின் பாதை இயற்கணிதத்தில், அம்புகளைத் தமக்குள் நேரியலாகக் கலக்கும் வழிகளிலிருந்து ஒட்டுமொத்த மடங்கைக் கழித்தால் புற வகையீடுகள் கிடைக்கும். பரிமாணம் ம² − 1. ம = 2 ஆனால், சிறப்பெண் 2 அல்லாதபோது, மூன்று பரிமாண எளிய லீ இயற்கணிதம். அம்பு ஒன்றே ஆனால் ஒன்றுமில்லை. இது தற்செயல் அல்ல. லிங்கெல்மன், ரூபியோ இ டெக்ராஸி இருவரும் 2020-இல் வெளியிட்ட முடிவு: ஓர் இயற்கணிதத்தின் வரைபடத்தில் சுழலும் இல்லை, இணை அம்புகளும் இல்லை என்றால், புற வகையீடுகளின் லீ இயற்கணிதம் தீர்க்கத்தக்கதே. கரையாமல் நிற்கும் பகுதி வேண்டுமானால் சுழலோ இணை அம்போ இருந்தாக வேண்டும்.

இணை அம்புகளுக்கு இடம் கொடுத்தால் எந்த அளவு வரை போகலாம் என்பதற்கு ஒரு கட்டுமானம். ஏழு பரிமாண வெளி ஒன்று. அதன் நகல் இன்னொன்று. இவற்றோடு ஓர் ஒருமை உறுப்பு. முதல் வெளியின் இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால் எண்கோளங்களிலிருந்து வரும் குறுக்குப் பெருக்கம் இரண்டாம் வெளியில் விழட்டும். வேறு பெருக்கல் எல்லாம் பூச்சியம். மூன்று உறுப்புகளின் பெருக்கல் எப்படியும் பூச்சியமாவதால் சேர்ப்புப் பண்பு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பரிமாணம் 15. சிறப்பெண் பூச்சியத்தில் இதன் வகையீடுகளின் எளிய பகுதி ஜி₂. சேர்ப்பு இயற்கணிதங்களுக்கு எட்டாதது என்று தொடக்கத்தில் தோன்றிய ஜி₂, ஒரு சிறிய சேர்ப்பு இயற்கணிதத்தின் வகையீடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ரேடிக்கல் பெரியதாக இருந்தால் லீ இயற்கணிதத்தைப் பற்றிப் பொதுவாக எதையும் தடுத்துச் சொல்ல முடியாது என்பதே இதன் பாடம்.

முடிவுள்ள குலங்களின் இயற்கணிதங்கள் பிரிந்து நிற்கும் பகுதிகளான பிளாக் இயற்கணிதங்களுக்கு வந்தால் தடை மீண்டும் இறுகுகிறது. லிங்கெல்மன், ரூபியோ இ டெக்ராஸி இருவரும் 2018-இல் காட்டியது: ஒரே ஒரு எளிய மாட்யூல் கொண்ட பிளாக்கின் புற வகையீடுகள் எளிய லீ இயற்கணிதமாக அமைந்தால், அது ஜேக்கப்சன்-விட் இயற்கணிதமாகத்தான் இருக்க முடியும், பிளாக்கும் நில்பொட்டென்ட் வகை, அதன் குறைக்குலம் ஒவ்வோர் உறுப்பும் ப வரிசை கொண்ட பரிமாற்றுக் குலம். பிரேமெட், ஸ்ட்ராடே பட்டியலில் இருக்கும் அத்தனை எளிய லீ இயற்கணிதங்களில் ஜேக்கப்சன்-விட் குடும்பம் மட்டும் இந்த வாசலைத் தாண்டுகிறது. எளிய மாட்யூல்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் வேறு என்னென்ன வரும் என்பதே இப்போதைய ஆய்வின் சூடான பகுதி.

பரிமாற்றமில்லா வடிவியலைக் கட்ட முயல்வோருக்கு இந்த ஈவும் போதவில்லை. வகையீடுகளை இயற்கணிதத்தின் உறுப்புகளால் பெருக்க முடியாத குறை அங்கே உறுத்துகிறது. அதற்கு மாற்றாக, இயற்கணிதத்திலிருந்து அதன் இருமடி டென்சர் பெருக்கத்துக்குப் போகும் இரட்டை வகையீடுகளைக் குரோலி-போவி, எட்டிங்கோஃப், கின்ஸ்பர்க் மூவரும் 2007-இலும், வான் டென் பெர்க் 2008-இலும் முன்வைத்தார்கள். பெருக்கும் வசதி திரும்பக் கிடைத்தது. விலையாக அடைப்பு தன் பழைய எளிமையை இழந்தது. இதற்கு முன்பே 1993-இல் கான்ட்செவிச், கட்டற்ற சேர்ப்பு இயற்கணிதத்தில் சிம்ப்ளெக்டிக் உறுப்பைக் காக்கும் வகையீடுகளின் லீ இயற்கணிதத்தை எடுத்து, அதன் ஹோமாலஜியை வரைபடங்களின் கணக்காக மாற்றிக் காட்டியிருந்தார். இந்தத் திசை தனிக் கட்டுரைக்கு உரியது.

கடைசியாக, அடைப்பு இல்லாமல் வகையீடுகளுக்கு எவ்வளவு தெரியும் என்ற எதிர்க்கேள்வி. வகையீடுகளை லீ இயற்கணிதமாகப் பார்த்தால், வடிவம் வழுவழுப்பானதா என்பதை அது சொல்லிவிடும். சீபர்ட் தேற்றம் அதுதான். வெறும் மாட்யூலாகப் பார்த்தால்? ஒரு புள்ளியைச் சுற்றி வகையீடுகளின் மாட்யூல் கட்டற்றதாக இருந்தால் அந்தப் புள்ளி வழுவழுப்பானதா என்பது ஜரிஸ்கி-லிப்மன் கேள்வி. சிறப்பெண் பூச்சியத்தில் அத்தகைய வடிவம் நார்மலாக இருந்தாக வேண்டும் என்பதை லிப்மன் 1965-இல் காட்டினார். ஒற்றைச் சமன்பாட்டு வடிவங்களுக்கு விடை ஆம் என்று ஷேயா, ஷ்டார்க் 1972-இல் நிறுவினார்கள். வழுவழுப்பு கெடும் இடம் குறைந்தது மூன்று பரிமாணம் தாழ்ந்திருந்தால் ஆம் என்று ஃபிளென்னர் 1988-இல் நிறுவினார். பரப்புகளுக்குப் பொதுவான விடை இன்றுவரை இல்லை.